பள்ளிக்கூடத்தில் போலி சாஸ்திரம்

சந்தையில் பொய் விற்பவனை நாம் அறிவோம். சர்வரோக நிவாரணி என்று கூவிக்கொண்டு ஒரு சீசாவை நீட்டுகிறான். ஏமாறுகிறவர் வாங்குகிறார், விவேகமுள்ளவர் சிரித்துக்கொண்டு நடந்து விடுகிறார். நஷ்டம் சில ரூபாயோடு தீர்ந்துபோகிறது. அதே சரக்கு பாடசாலையின் வாசலைக் கடந்து, உபாத்தியாயரின் மேஜைமீது ஏறி, பாடம் என்ற பெயரோடு வழங்கப்படும்பொழுது விஷயம் வேறாகி விடுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் குழந்தை எழுந்து போக முடியாது. சிரிக்கவும் அதற்கு உரிமையில்லை. ஆசிரியர் சொல்வதை நம்பவேண்டும் என்று சொல்லித்தான் நாம் அதை அங்கே அனுப்பியிருக்கிறோம். இந்த ஒரு காரணத்தினாலேயே, வகுப்பறைக்குள் நுழையும் போலி சாஸ்திரத்தைச் சந்தைப் பொய்யைக் காட்டிலும் கடுமையாக விசாரிக்க வேண்டியது நமது கடமையாகிறது.

சென்ற நாற்பது வருஷங்களாக, 'மூளை' என்ற சொல்லை முன்னே நிறுத்திக்கொண்டு பல கல்வி முறைகள் உலகில் பரவி வருகின்றன. கல்வியறிவில்லாத தேசங்களில் மட்டும் இவை செலாவணியாகின்றன என்று யாரும் எண்ணவேண்டாம். பெரிய சர்வகலாசாலைகளுக்குப் பேர்போன இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுமே இவை முதலில் வேரூன்றின. ஆதலால் கதையை அங்கிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

இங்கிலாந்தில் நடந்தது

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த பால் டென்னிஸன் என்பவரும் அவருடைய மனைவி கெயில் டென்னிஸனும் 1980-களில் 'பிரெயின் ஜிம்' என்ற முறையை வகுத்தார்கள். மூளைக்குத் தேகாப்பியாசம் என்பது அப்பெயரின் கருத்து. அதில் 26 அசைவுகள் உண்டு. வலது முழங்கையை இடது முழங்காலிலும், இடது முழங்கையை வலது முழங்காலிலும் மாற்றி மாற்றித் தொடவேண்டும். காது மடல்களை விரலால் பிரித்துவிட வேண்டும். ஒரு கையைத் தொப்புளின்மேல் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் காறையெலும்புக்குக் கீழே மார்பெலும்பின் இரு புறமும் உள்ள குழிகளைத் தேய்க்கவேண்டும். தண்ணீரைச் சிறிது நேரம் வாயிலே வைத்திருந்து பிறகு விழுங்கவேண்டும். இவற்றைச் செய்தால் குழந்தைகளுக்குக் கவனம் கூடும், வாசிப்புத் திறன் வளரும், மூளையின் இடது பாதியும் வலது பாதியும் ஒத்து வேலை செய்யும் என்பது வாக்குறுதி.

இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகள், பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகள் உட்பட, இம்முறையைக் கைக்கொண்டன. உபாத்தியாயர்கள் இதற்கெனப் பயிற்சி பெற்றார்கள். காறையெலும்புக்குக் கீழே உள்ள இடத்திற்கு 'மூளைப் பொத்தான்' என்று பெயர். அங்கே தேய்த்தால் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனிகள் தூண்டப்பட்டுப் பிராணவாயு மிகுதியாக மேலே செல்லும் என்று ஆசிரியர் கையேடு போதித்தது. அத் தமனிகள் கழுத்தின் இரு பக்கங்களிலும் மேலேறிச் செல்லுகின்றன. மார்பின் தோலைத் தேய்ப்பதனால் அவற்றுக்கு ஆவது ஒன்றுமில்லை. தனக்கு வேண்டிய ரத்தத்தின் அளவை மூளை தானே ஒழுங்கு செய்துகொள்ளுகிறது. வாயில் வைத்திருக்கும் தண்ணீர் மேலண்ணத்தின் வழியே மூளைக்கு ஊறிச் செல்லும் என்பதும் இத்தகையதே. குடித்த நீர் குடலில் சேர்ந்து, ரத்தத்தில் கலந்து, அதன் பிறகே எந்த உறுப்பையும் அடையும். பதப்படுத்திய உணவில் தண்ணீரே இல்லை என்றும் அக் கையேடு சொல்லிற்று. ஊறுகாய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்த எந்தக் குழந்தையும் இதை மறுத்துச் சொல்லும்.

பென் கோல்ட்ஏக்கர் என்ற டாக்டர் 'கார்டியன்' பத்திரிகையில் இதைக் குறித்துத் திரும்பத் திரும்ப எழுதினார். 2008-ல் 'சென்ஸ் அபௌட் சயன்ஸ்' என்ற ஸ்தாபனம் கையேட்டின் கூற்றுக்களை எடுத்து 13 விஞ்ஞானிகளிடம் கொடுத்தது. ஒவ்வொரு கூற்றையும் அவர்கள் மறுத்தார்கள். அதே வருஷத்தில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் டென்னிஸன் விசாரிக்கப்பட்டார். கையேட்டிலுள்ள பல கூற்றுக்கள் தம்முடைய ஊகங்களேயன்றி முறையான விஞ்ஞானம் ஆகா என்று அவர் ஒப்புக்கொண்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வெளிவந்தது. ஊகம் செய்வது குற்றமன்று. விஞ்ஞானமே ஊகத்தில்தான் பிறக்கிறது. ஊகத்தைச் சோதிக்காமலே பாடமாக்கியதுதான் குற்றம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். பிள்ளைகள் எழுந்து நின்று கைகால் அசைப்பதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். கெடுதி ஒன்றுமில்லை, நன்மையே உண்டு. மணிக்கணக்காக உட்கார்ந்த குழந்தைக்கு ஐந்து நிமிஷ ஓட்டமும் ஆட்டமும் புத்துயிர் தரும். ஆனால் அதற்கு டென்னிஸனும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம், பொய்க் காரணமும் வேண்டாம். விளையாட்டு மைதானத்தின் கதவைத் திறந்துவிட்டால் போதும். இலவசமாகக் கிடைக்கும் ஓர் உண்மையோடு விலையுள்ள பொய்யைக் கட்டி விற்பதே இந்த வியாபாரத்தின் தந்திரம்.

பழைய சரக்கு, புதிய சீசா

இந்த முறைக்கு ஒரு வம்சாவளியும் உண்டு. அமெரிக்காவில் டோமன், டெலகாட்டோ என்ற இருவர், குழந்தை தவழும் பருவத்தைச் சரியாகக் கடக்காவிட்டால் மூளையின் வளர்ச்சி தடைப்படும் என்றும், மறுபடியும் தவழச் செய்தால் அது சீர்படும் என்றும் சொல்லி ஒரு சிகிச்சையை நடத்தினார்கள். மூளைக் குறையுள்ள குழந்தைகளின் பெற்றோர்கள் அண்டை அயலாரைச் சேர்த்துக்கொண்டு நாள்தோறும் பல மணி நேரம் அக் குழந்தைகளின் கைகால்களைப் பிடித்து அசைத்து வந்தார்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் 1968-லும், 1982-லும், 1999-லும் இதற்கு ஆதாரமில்லை என்று அறிக்கை வெளியிட நேர்ந்தது. ஒரே பொய்யை முப்பத்தொரு வருஷத்துக்குள் மூன்று முறை மறுக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். அசைவுப் பயிற்சிகளால் படிப்பு வளருமா என்று நடந்த 180 ஆராய்ச்சிகளை 1983-ல் கவாலே, மாட்ஸன் என்ற இருவர் சேர்த்துக் கணக்கிட்டபொழுது, பயன் ஏறக்குறையப் பூஜ்யம் என்று கண்டார்கள். பிரெயின் ஜிம் பள்ளிகளில் பரவியது அதற்குப் பிறகே.

கண், காது, கை

இதைவிட மரியாதையான உடையில் உலவுவது 'கற்றல் பாணி' என்ற கொள்கை. சில குழந்தைகள் கண்ணால் பார்த்துக் கற்பவர்கள், சிலர் காதால் கேட்டுக் கற்பவர்கள், சிலர் கையால் செய்து கற்பவர்கள். ஒவ்வொருவரையும் சோதித்து வகைப்படுத்தி, அவரவர் பாணிக்கு ஏற்பப் போதித்தால் படிப்பு நன்றாக ஏறும் என்பது இதன் சாரம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. நம் நாட்டு ஆசிரியப் பயிற்சிப் புஸ்தகங்களிலும் இது இடம் பெற்றிருக்கிறது.

2004-ல் இங்கிலாந்தில் காஃபீல்ட் முதலியோர் கணக்கெடுத்தபொழுது, இப்படிப்பட்ட பாணிப் பாகுபாடுகள் 71 இருக்கக் கண்டார்கள். ஒரே குழந்தையை 71 விதமாகப் பிரிக்கும் சாஸ்திரம் தனக்குள்ளேயே உடன்படாத சாஸ்திரம் என்பது வெளிப்படை. 2008-ல் அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் நால்வர், பாஷ்லர் என்பவர் தலைமையில், இதற்கு உரிய பரீக்ஷை எது என்பதைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். கண்பாணிக் குழந்தைகளையும் காதுபாணிக் குழந்தைகளையும் முதலில் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு வகையிலும் பாதிப்பேருக்குப் படம் காட்டியும், பாதிப்பேருக்கு வாயால் சொல்லியும் அதே பாடத்தைப் போதிக்கவேண்டும். யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவேண்டும். கடைசியில் எல்லாருக்கும் ஒரே தேர்வு வைக்கவேண்டும். கண்பாணிக்குப் படமும், காதுபாணிக்குச் சொல்லும் மேலான பயன் தருமாயின் கொள்கை மெய். இத்தகைய பரீக்ஷை மிகச் சில இடங்களிலேயே நடந்திருந்தது. நடந்த இடங்களிலும் பெரும்பாலும் கொள்கைக்கு விரோதமான முடிவே கிடைத்தது.

இதற்குக் காரணமும் எளிது. பூகோளப் படத்தை யாரும் காதால் கற்க முடியாது. ராகத்தை யாரும் கண்ணால் கற்க முடியாது. எப்படிப் போதிப்பது என்பதைப் பெரும்பாலும் பாடத்தின் தன்மையே நிர்ணயிக்கிறது. ஒரு குழந்தைக்குப் படம் பிடிக்கலாம், மற்றொன்றுக்குக் கதை பிடிக்கலாம். பிடிப்பது வேறு, படிப்பு ஏறுவது வேறு.

இவ்வளவும் வெளிவந்த பிறகு நம்பிக்கை தளர்ந்ததா? 18 தேசங்களில் 15,000-க்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் நடந்த விசாரணைகளை 2020-ல் தொகுத்துப் பார்த்தபொழுது, நூற்றுக்கு 89 பேர் இக் கொள்கையை நம்புவதாகத் தெரிந்தது.

ஏன் நம்புகிறார்கள்?

ஆசிரியர்களை அறிவிலிகள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். ஆனால் அது நியாயமன்று. 2012-ல் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் 242 ஆசிரியர்களிடம் ஒரு விசாரணை நடந்தது. மூளையைப்பற்றிப் பொதுவாக அதிகம் அறிந்திருந்த ஆசிரியர்களே கட்டுக்கதைகளையும் அதிகமாக நம்பினார்கள் என்று அது காட்டிற்று. ஆவலோடு படிக்கிறவர்களின் கைக்கே மெய்யும் பொய்யும் கலந்து வந்து சேருகின்றன.

அதே 2008-ல் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் மற்றொரு சோதனை செய்தார்கள். ஒரு விஷயத்துக்கு நல்ல விளக்கமும் மோசமான விளக்கமும் எழுதி, சிலவற்றில் மட்டும் சம்பந்தமே இல்லாத மூளைச் செய்தி ஒன்றைச் சேர்த்தார்கள். 'மூளைப் படங்கள் காட்டுகின்றன' என்ற வாக்கியம் சேர்ந்தவுடன், மோசமான விளக்கமும் திருப்தியாக இருப்பதாகச் சாமானியர்கள் கருதினார்கள். நரம்பு சாஸ்திரம் பயிலும் மாணவர்களும் அவ்வாறே ஏமாந்தார்கள். நிபுணர்கள் மட்டும் ஏமாறவில்லை. முற்காலத்தில் மந்திரவாதி தனக்கு விளங்காத பாஷையில் முணுமுணுத்தான். இக்காலத்தில் அந்த வேலையை நரம்பு சாஸ்திரத்தின் பதங்கள் செய்கின்றன.

மெய்யின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே பொய் நடக்கிறது என்பதையும் மறக்கலாகாது. மூளையின் இரு பாதிகளுக்கும் தனித்தனித் திறமைகள் உண்டு என்பது உண்மை; அதை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி 1981-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவர் ஆராய்ந்தது, வைத்தியத்துக்காக இரு பாதிகளையும் அறுத்துப் பிரித்திருந்த நோயாளிகளை. மற்றவர்களுக்கு அவ்விரண்டையும் சுமார் இருபது கோடி நரம்பிழைகள் இணைக்கின்றன. அவற்றை இணைத்து வைக்கக் குழந்தை முழங்காலைத் தொடவேண்டிய அவசியமில்லை. மூளையில் நூற்றுக்குப் பத்துப் பங்கையே பயன்படுத்துகிறோம் என்பதும் இப்படிப் பிறந்த கதைதான். மனிதன் தன் சக்திகளில் சிறு பகுதியையே வெளிப்படுத்துகிறான் என்று வில்லியம் ஜேம்ஸ் 1907-ல் எழுதியது ஓர் உபதேசம். அது பின்னால் கைமாறிக் கைமாறி ஒரு கணக்காகிவிட்டது. சரீரத்தின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, சரீரத்தின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடக்கும் உறுப்புக்கு இயற்கை இவ்வளவு செலவு செய்யுமா?

நம் ஊரில்

மேல்நாட்டுச் செய்தியைக் கேட்டு நாம் நகைத்துக்கொண்டிருக்க இடமில்லை. 2010-க்குப் பிற்பட்ட வருஷங்களில் 'நடுமூளை விழிப்பு' என்ற பயிற்சி இந்தியாவின் பல நகரங்களிலும், நமது தமிழ்நாட்டிலும் பரவிற்று. ஆயிரக்கணக்கான ரூபாய் கட்டணம். உறங்கிக் கிடக்கும் நடுமூளையை எழுப்பினால், கண்ணைக் கட்டிக்கொண்டே குழந்தை புஸ்தகம் வாசிக்கும், நிறம் சொல்லும் என்று மேடையில் காட்டினார்கள்.

நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேற்பகுதி. சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ளது. கண்மணி சுருங்குவதும் விழி அசைவதும், உறக்கமும் விழிப்பும் அதைச் சார்ந்திருக்கின்றன. அதன் ஒரு பகுதியிலுள்ள உயிரணுக்கள் அழிவதனாலேயே பார்க்கின்ஸன் என்னும் நடுக்குவாதம் வருகிறது. அது உறங்கிக் கிடந்தால் குழந்தை மேடையில் நிற்கவே முடியாது. ஒளி விழித்திரையில் விழாமல் எழுத்தைப் பார்க்கும் வழி எந்த மனிதனுக்கும் இல்லை. அப்படியானால் மேடையில் நடப்பது என்ன? மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றோர் அதை வெளிப்படையாகக் காட்டியிருக்கிறார்கள். கண்ணைக் கட்டும் துணிக்கும் மூக்கின் பக்கத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. குழந்தை அதன் வழியே கீழ்நோக்கிப் பார்க்கிறது. அந்தச் சந்தை அடைத்துவிட்டால் வித்தை முடிந்துபோகிறது.

இதிலுள்ள பணநஷ்டம் எமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்தக் குழந்தையின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். தான் எட்டிப் பார்ப்பது அதற்குத் தெரியும். தாயும் தகப்பனும் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள். சுற்றத்தார் கை தட்டுகிறார்கள். உண்மையைச் சொன்னால் அவ்வளவும் போய்விடும். பத்து வயதுக் குழந்தை, தன்னை அதிகம் நேசிக்கிறவர்களை ஏமாற்றினால் அன்பு கிடைக்கும் என்ற பாடத்தைக் கற்றுக்கொள்ளுகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு பொய் சொல்லப் பழக்கும் இதனைக் கல்வி என்று அழைப்பது தகுமா?

விரல்ரேகையைப் பதிவு செய்து பிள்ளையின் அறிவையும் எதிர்காலத் தொழிலையும் சொல்லும் பரீக்ஷையும் பள்ளிகளைத் தேடி வந்தது. இதற்கு அமெரிக்கப் பேராசிரியர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல் வெளியிட்ட பல்வகை அறிவுக் கொள்கையைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அவருடைய நூலில் விரல்ரேகையால் அறிவை அளக்கலாம் என்ற பேச்சே இல்லை. விரல்ரேகையின் உபயோகத்தை உலகுக்கு முதலில் காட்டியவர்களில் நம் தேசத்தாரும் உண்டு; 1897-லேயே கல்கத்தாவில் அதற்கென ஓர் ஆபீஸ் ஏற்பட்டது. நியாயஸ்தலங்களில் அது நாள்தோறும் சாட்சியாக நிற்கிறது. இவன் இன்னான் என்பதை ரேகை சொல்லும். இவன் எப்படிப்பட்டவன் என்பதை ஒருபோதும் சொல்லாது. ஆறு வயதுப் பிள்ளையை நோக்கி, உனக்குக் கணிதம் வராது என்று ஒரு காகிதம் தீர்ப்புக் கூறினால், அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் எங்கே?

மெய்யான வழி

கற்பதைப்பற்றிய மெய்யான சாஸ்திரம் இல்லாமல் போய்விடவில்லை. படித்ததை ஒரே நாளில் திரும்பத் திரும்ப உருப்போடுவதைக் காட்டிலும், நாட்களை இடைவிட்டுத் திரும்பப் பார்ப்பது மேல் என்பதற்கு ஜெர்மனியில் எபிங்ஹாஸ் 1885-லேயே வழி காட்டினார். புஸ்தகத்தை மறுபடி மறுபடி வாசிப்பதைவிட, அதை மூடிவிட்டு மனத்திலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதே நீண்ட நாள் நிற்கும் என்று 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் சோதித்துக் காட்டினார்கள். 2013-ல் டன்லாஸ்கி முதலியோர் பத்துக் கற்றல் முறைகளை எடை போட்டபொழுது, இவ்விரண்டுக்கும் முதலிடம் கிடைத்தது. வரிக்கு வரி கோடிடுவதும் வெறுமனே திரும்ப வாசிப்பதும் கடைசியில் நின்றன.

இவற்றுக்குச் செலவில்லை. பாடம் ஆரம்பிக்குமுன் சென்ற வாரத்துப் பாடத்தில் நான்கு கேள்விகள் கேட்கும் உபாத்தியாயர் இச் சாஸ்திரத்தைத்தான் அனுஷ்டிக்கிறார். விளம்பரம் செய்ய இதில் ஒன்றுமில்லாததனாலேயே இதற்கு விளம்பரமும் இல்லை. குழந்தைக்கும் இது சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கும். கஷ்டமில்லாமல் படிப்பு வரும் என்று சொல்லுகிறவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நலம்.

செய்யவேண்டியது என்ன?

நியாயஸ்தலத்தில் ஒரு விதி உண்டு. ஒன்றை உண்டென்று சொல்லுகிறவனே அதை ருசுப்படுத்த வேண்டும். எதிர்க்கட்சி இல்லையென்று நிரூபிக்கவேண்டியதில்லை. பத்து ரூபாய்க் கடன் வழக்கில் கைக்கொள்ளும் இந்த விதியைப் பிள்ளைகளின் படிப்பில் நாம் கைவிட்டிருக்கிறோம். புதிய முறை ஒன்றைக் கொண்டுவருகிறவரை மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இம்முறை பெற்ற பிள்ளைகளையும் பெறாத பிள்ளைகளையும் ஒப்பிட்டுச் சோதித்தது உண்டா? சோதித்தவர் விற்பவரா, வேறொருவரா? இம்முறை பலிக்காவிட்டால் அது எப்படி நமக்குத் தெரியவரும்? மூன்றுக்கும் நேரான விடை வராவிட்டால், அவரை மரியாதையோடு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடலாம். பயன் பெற்ற பெற்றோர்களின் நற்சாட்சிக் கடிதங்கள் விடையாகா. சர்வரோக நிவாரணிக்காரனிடமும் அவை கட்டுக்கட்டாக உண்டு.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைக்கவேண்டும் என்றும், அதில் முக்கால் பங்கினர் பெற்றோர்களாக இருக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதைப்பற்றி மட்டும் பேசுவதற்காக அக் குழு ஏற்படவில்லை. தனியார் பள்ளிகளில் கட்டணம் செலுத்துகிறவர்களுக்கு, அக் கட்டணம் எதற்குப் போகிறது என்று கேட்கும் உரிமை உண்டு. பொய் விளம்பரம் செய்கிறவருக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. சர்க்காரின் கல்வி இலாகாவும் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைகளும் தங்கள் பாடப் புஸ்தகங்களிலிருந்து கற்றல் பாணி போன்ற கதைகளை நீக்கி, அவ்விடத்தில் அவற்றை மறுத்த சோதனைகளைச் சேர்ப்பார்களாயின், வருங்கால ஆசிரியர்கள் ஏமாறாமலிருப்பதோடு சோதனை என்றால் என்ன என்பதையும் கற்றுக்கொள்வார்கள்.

1976-ல் நமது அரசியல் சட்டத்தில் பிரஜைகளின் கடமைகள் சேர்க்கப்பட்டபொழுது, விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராயும் உணர்ச்சியையும் வளர்ப்பது அவற்றில் ஒன்றாக எழுதப்பட்டது. அந்தக் கடமையைக் குழந்தை எங்கே கற்கும்? பௌதிகப் பாடத்தில் ஆதாரம் கேள் என்று சொல்லிவிட்டு, அடுத்த மணியில் மார்பைத் தேய்த்தால் மூளைக்கு ரத்தம் ஏறும் என்று சொன்னால், இரண்டில் எதை அது நம்பவேண்டும்? ஏன் என்று கேட்கும் குழந்தையைப் பாடசாலை வளர்க்கவேண்டும். அக் குழந்தை முதன்முதலில் தன் பாடசாலையையே கேட்கும். அப்பொழுது மெய்யான விடை சொல்லக்கூடிய நிலையில் நாம் இருக்கவேண்டும் என்பதே எமது பிரார்த்தனை.